மாமனாரு எந்த டேபிள்?

பரிமாறுற வேலையில ஒரு சங்கடம் கீதுங்க: சாப்புடறவங்க எலைய வுட்டு தலைய நிமித்தவே மாட்டாங்க, ஆனா நம்ம மூஞ்சி எப்டி கீதுன்னு மட்டும் கரெக்டா கண்டுபுடிச்சிடுவாங்க. நான் ராயபுரத்துல மேரி அக்கா மெஸ்ஸுல மீன் சாப்பாடு பரிமாறுறேன். என்ன மாதிரி ரசம் வாளி தூக்குனவங்க யாராவது இத்தப் படிச்சா, கொஞ்சம் உக்காந்து படிங்க. நம்மளுக்கு உக்கார்ற யோகம் எப்பனா தான வரும்.

சேர் புடிக்கறவங்க

எங்க மெஸ்ஸு சின்னது, கூட்டம் பெருசு. மதியானம் ஆனா ஹார்பர் டிரெய்லர் ஓட்றவங்க, மீன் புடிக்க போட்டுல போறவங்க, பேங்க்குல வேல பாக்கறவங்க எல்லாம் ஒண்ணா வந்து நிப்பாங்க. டோக்கன் கீக்கன் எதுவும் கெடயாது. சாப்புடறவரு ஒருத்தரப் பாத்து, அவரு சேருக்குப் பின்னாடி போயி கைய வெச்சிகினு நின்னுட்டா, அவரு எந்திரிச்சதும் அந்த சேரு உங்களுது. அது வரைக்கும் அவரு ரசத்துக்கு வந்துட்டாரா, மோருக்கு வந்துட்டாரான்னு எலையவே பாத்துகினு நிக்கணும்.

ஒரு நாளு ஒருத்தரு மோரு ஊத்தி முடிச்சிட்டு, திரும்பவும் மீன் கொயம்பு கேட்டாரு. நானும் சோத்து வாளிய எடுத்துகினு போனேன். பின்னாடி நின்னவரு என் கையப் புடிச்சிகினாரு.

"அவருக்கு இன்னொரு வாட்டி சோறு போட்டீன்னா, எனக்கு நீ தான் உன் வூட்டுக்குக் கூட்டிகினு போயி ஆக்கிப் போடணும்."

தங்கச்சி போட்ட போனு

எனக்கு முப்பது தாண்டிடுச்சி. வர்ற வரன் எல்லாம் "மாப்ள இன்னா பண்றாரு"ன்னு கேக்கற வரைக்கும் நல்லாத் தான் போவும். மெஸ்ஸுல சப்ளையருன்னு சொன்னதும் எண்ணூர்ல ஒரு பொண்ணோட அப்பா, குடிச்சிகினு இருந்த காப்பிய அப்டியே கீழ வெச்சிட்டாரு. அன்னிக்கி எனக்கு ரொம்பக் கஷ்டமாப் பூடுச்சி. ஊருக்கே சோறு போட்டுட்டு, எல்லாரும் போன பின்னாடி அடுப்பாண்ட நின்னுகினே தனியா சாப்புடறவன் நானு. கூட உக்காந்து சாப்புட ஒருத்தி வேணும்னு மனசு கெடந்து அடிச்சிக்குது, அத்த யாருகிட்ட போயி சொல்றது.

அப்ப தான் திருவொத்தியூர்லேந்து ஒரு வரன் வந்துது. என் வேல இன்னான்னு தெரிஞ்ச பின்னாடியும் அவங்க வேணாம்னு சொல்லல. போட்டோ கூட இன்னும் கண்ணுல காட்டல, ஆனா எனக்கு ஆச வந்துடுச்சி. ஒரு நாளு காலையில தங்கச்சி போன் பண்ணிச்சி.

"அண்ணே, இன்னிக்கி மதியானம் அவங்க வூட்லேந்து ஒரு ஆளு உன் கடைக்கு சாப்புட வராங்களாம். யாருன்னு சொல்ல மாட்டாங்களாம், நீ எவங்கிட்டயும் வாயக் குடுக்காம இரு."

ஐயா வந்த வென

ஆளு யாருன்னு தெரியாது, அதனால வந்தவங்க எல்லாரும் எனக்கு மாமனாரு தான். மொதல்ல மாட்னது சேகர் மாமு. போட்டுல சரக்கு எறக்கிட்டு தெனமும் வர்றவரு. "இன்னாடா சோமாரி, சோறு எங்க"ன்னு அவரு கேப்பாரு, "இரு மாமு, பறக்காத"ன்னு நான் சொல்லுவேன். அன்னிக்கி அவரு தலைய வாரி, பவுடரு பூசிகினு வந்தாரு. இவரையே தூது அனுப்பியிருப்பாங்களோன்னு எனக்கு டவுட்டு. "ஐயா வாங்க, இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா"ன்னு குனிஞ்சி கேட்டேன். வாயாண்ட போன கைய அவரு அப்டியே நிறுத்திட்டாரு.

"உண்மையச் சொல்லு நைனா, கொயம்புல எதுனா வுயுந்துச்சா?"

வெள்ளச் சட்ட

அடுத்தது ஒரு பெரியவரு. வெள்ளச் சட்ட, பாக்கெட்டுல பேனா. எலையப் பாக்காம என்னையே பாத்துகினு இருந்தாரு. எத்தினி வருசமா இங்க கீற, சம்பளம் ஒழுங்கா வருதா, குடிப்பியான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. இதுக்கு மேல இன்னா வேணும்? மாமனாரு இவரு தான்னு முடிவே பண்ணிட்டேன்.

கேக்காமலே வஞ்சிரம் வறுவல் ரெண்டு வெச்சேன். அப்பறம் நெத்திலி, எறா, திரும்பவும் வஞ்சிரம். எல்லாம் என் கணக்குல எய்திக்கோன்னு மேரி அக்காவுக்கு ஜாட காட்னேன். அக்கா தலையில கைய வெச்சிகினாங்க. பெரியவரு எல்லாத்தையும் பொறுமையா சாப்ட்டு, கை கழுவிட்டு வந்து என் தோள்ல கைய வெச்சாரு.

"தண்டையார்பேட்டையில புதுசா மெஸ்ஸு தொறக்கறேன், வேலைக்கு வந்துடு தம்பி. ஆனா எங் கடையில மீன இப்டி வாரி வுடக் கூடாது."

கை கழுவுற எடத்தாண்ட ஒரு சேரு

அதோட எனக்கு மனசே வுட்டுப் போச்சி. யாரும் வரல, இந்த வரனும் அவ்ளோ தான்னு நெனச்சிகினு பந்திய முடிக்கப் பாத்தேன். கை கழுவுற எடத்தாண்ட ஒரு பொண்ணு, கழுத்துல கம்பெனி கார்டு மாட்டிகினு சாப்புட்டுகினு இருந்துச்சி. மாமனாரு தேடுன மும்முரத்துல அந்தப் பக்கம் நான் சரியாவே பாக்கல. வஞ்சிரம் தீந்துட்டதால கடைசியா இருந்த மத்தித் துண்டத் தான் அதுக்குப் போட்டிருந்தேன். எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி "முள்ளு பாத்து சாப்புடும்மா"ன்னு சொல்லிட்டுப் பூட்டேன்.

சாப்ட்டு முடிச்சி, கை கழுவிட்டு வந்துது. போவல. தான் உக்காந்த சேருக்குப் பின்னாடியே வந்து கைய வெச்சிகினு நின்னுச்சி. எங்க கடையில அப்டி ஒருத்தர நான் பாத்ததே இல்ல.

"நீங்க இன்னும் சாப்புடல, இல்ல?"ன்னு கேட்டுச்சி. கூட்டம் போன பின்னாடி அடுப்பாண்ட நின்னுகினு சாப்புடுவோம்னு சொன்னேன்.

"நான் திருவொத்தியூரு. அப்பா தான் வர்றேன்னாரு, நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

நான் ரசம் வாளியக் கீழ வெச்சேன். அந்த நேரம் பாத்து, இவ்ளோ நேரமா காத்துகினு இருந்த டிரெய்லர் டிரைவரு, "எம்மா, எந்திரிச்சிட்ட இல்ல, நவுரு"ன்னு சேர இயுத்தாரு. பொண்ணு வுடல.

"நீங்க வேற சேரு பாத்துக்கோங்கண்ணா, இது அவருக்குப் புடிச்சி வெச்சிருக்கேன்."

எனக்கோசரம் ஒருத்தி மொத வாட்டி சேரு புடிச்ச அன்னிக்கி, மீனையெல்லாம் தப்பான மாமனாருக்கு வாரிப் போட்டுட்டு நான் வெறும் ரசஞ் சோறு தான் சாப்ட்டேன், அதையும் உக்காந்துகினே ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்ட்டேன்.