இன்று அருவியில் தண்ணீர் இல்லை

ஐந்தருவிச் சாலையில் உள்ள ஜெபமணி உணவகம் எவ்வாறு பெயர் பெற்றது என்பது குறித்துத் தென்காசி வட்டாரத்தில் இப்போது பல கதைகள் உலவுகின்றன. யாரோ பெரிய மனிதர் உண்டுவிட்டுப் புகழ்ந்தார் என்பர் சிலர். விளம்பரத்திற்குப் பணத்தைக் கொட்டினார்கள் என்பர் வேறு சிலர். சமூக ஊடக விளம்பரத் தொழிலில் புதிதாகக் காலடி வைக்கும் இளைஞர்கள் எங்கள் அலுவலகத்திற்கு வந்து, “சார், அந்த மெஸ்ஸுக்கு என்ன ட்ரிக் பண்ணுனீங்க?” என்று கேட்கின்றனர். அப்பணியில் உடனிருந்தவன் என்ற முறையில், நடந்ததை நடந்தவாறே எழுதி வைப்பது கடமையெனக் கருதுகிறேன். தொழிற்சொற்களைத் தொழிலில் வழங்கும் வடிவிலேயே விட்டிருக்கிறேன். அவற்றுக்கு நல்ல தமிழ்ச்சொற்கள் என்னிடம் உண்டு. ஆனால் அவற்றைச் சொன்னால் வாடிக்கையாளர் என் மருமகளின் முகத்தைப் பார்க்கின்றனர்.

1. கல்யாணப் பத்திரிகை

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் மருமகள் கிருபா கணினி படித்தவள். சிறு கடைகளுக்குச் சமூக ஊடகப் பக்கம் தொடங்கி நடத்தித் தரும் பணியை அவள் தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே ஆரம்பித்தாள். படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் அவள் பொறுப்பு. சொற்கள் என் பொறுப்பு. நகைக்கடை, நாற்றுப்பண்ணை, கண்ணாடிக் கடை என்று ஒவ்வொன்றாக வந்தன. பிறகு வந்தவர் செல்லத்துரை அண்ணாச்சி.

அவரும் அவர் மனைவி ஜெபமணியும் ஐந்தருவிச் சாலையில் உணவகம் நடத்திவந்தனர். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கோழிக் குழம்பும் அங்கே சிறப்பு. அருவியில் குளித்தெழுந்தவனின் பசி எத்தகையது என்பதைக் குற்றாலம் வந்தவர் அறிவர். அந்தப் பசிக்கென்றே அமைந்த உணவு அது. ஆயினும் முந்தைய இரண்டு சீசன்களிலும் கூட்டம் பெரிய சாலையோடு நின்றுவிட்டது. இந்தச் சீசனும் கைவிட்டால் கடையை மூடிவிட்டுத் திருப்பூரில் தம் தம்பி நடத்தும் கம்பெனி கேண்டீனுக்குச் சமையல் வேலைக்குப் போய்விடுவதாக அண்ணாச்சி முடிவு செய்திருந்தார். ஜெபமணிக்கு அதில் விருப்பமில்லை. ‘என் அடுப்பை விட்டுட்டு அடுத்தவன் அடுப்புக்குப் போகணுமா’ என்பது அந்த அம்மையாரின் கேள்வி.

முதல் விளம்பரத்தை நான் எழுதினேன். “அருவியின் ஆரவாரம் செவிநிறைக்க, அறுசுவையின் நறுமணம் மனம்நிறைக்க” என்று தொடங்கும். அண்ணாச்சி அதை இருமுறை படித்தார்.

“சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா இதப் பாத்துட்டு மொய்க் கவரோடல்லா வருவாங்க?”

கிருபா சிரிப்பை அடக்கக் கணினித் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அதன்பின் சுருக்கமாக எழுதினேன்.

2. ஊரார் சொல்லும் விடை

இவ்வட்டாரத்தில் பிறந்தவர்க்கு ஆனி மாதம் பிறந்ததும் தொலைபேசி ஓயாது. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் அழைக்கும் உறவினர் நலம் கேட்பதற்கு முன்பே “தண்ணி விழுதா?” என்று கேட்பர். எங்கள் ஊரார் அதற்குச் சொல்லும் விடை ஒன்றே: “விழுது, விழுது.” விழாவிட்டாலும் அதுதான் விடை. நேரில் வந்து பாறையைக் கண்டு கேட்பவரிடம் “காலைல விழுந்துச்சு” என்பர். இதில் வஞ்சகம் இருப்பதாக இவ்வூரார் எவரும் எண்ணுவதில்லை. பெண் கேட்டு வந்தவரிடம் பெண்ணின் குறையைச் சொல்லாமை போன்றதொரு மரியாதையாகவே அதைக் கருதுகின்றனர்.

அந்த ஆண்டு சாரல் வரவில்லை. மேற்கே மலைமுகட்டில் மேகம் கூடும், கலையும். ஐந்தருவியின் ஐந்து கிளைகளுள் ஒன்றில் மட்டும் நூல்போல நீர் கசிந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்க, வாங்குவோர் இல்லை. ஊடகத்திலோ வெள்ளம் பெருக்கெடுத்து ஓடியது! முந்தைய ஆண்டுக் காணொளிகளை விடுதிகளும் கடைகளும் மீண்டும் மீண்டும் வெளியிட்டுக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி எங்கள் அலுவலகத்திற்கு வந்து அமர்ந்தார். மற்றவர்போல் நாமும் பழைய ரீல் ஒன்றைப் போட்டால் என்ன என்பது அவர் கோரிக்கை. கிருபா மறுத்தாள். வருபவன் ஏமாந்தால் கமெண்டில் எழுதுவான், அது அழியாது, பக்கமே கெடும் என்று தொழில்முறையில் எடுத்துரைத்தாள்.

“நீ சொல்லுதது சரிதாம் பிள்ள. ஆனா எல்லாவனும் போடுதான். நான் மட்டும் யோக்கியனா இருந்து யாருக்குச் சோறு போட?”

இவ்வாறு கேட்ட அண்ணாச்சி, தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

3. எண்ணெய்த் தலைகள்

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்தைத் திறந்த கிருபா, “மாமா, அண்ணாச்சி போட்டுட்டாங்க” என்றாள். பக்கத்தின் கடவுச்சொல் அவரிடமும் இருந்தது. அருவி இரைந்து கொட்டும் பழைய காணொளி. கீழே, ‘தண்ணீர் சூப்பர், உடனே வாங்க.’ நீக்கச் சொல்வதற்காக இருவரும் உடனே புறப்பட்டுச் சென்றோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உணவகத்தின் முன் ஒரு வேன் நின்றது.

சாத்தூரிலிருந்து வந்த குடும்பம். ஆண், பெண், குழந்தை அனைவர் தலையிலும் எண்ணெய் வழிந்தது, தோளில் துண்டு. அருவிக்கு வருபவர் வழியிலேயே எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு வருவது வழக்கம். அவர்களும் அவ்வாறே வந்து, அருவியைக் கண்டு, காணொளியை வெளியிட்ட உணவகத்தைத் தேடி வந்திருந்தனர். வேனில் தலைமையாக வந்தவர் கோபப்படவில்லை. அதுவே சங்கடமாக இருந்தது.

“அண்ணே, வேன்லயே எண்ணெ தேச்சிட்டோம். அங்க போயிப் பாத்தா குருவி குளிக்கவே தண்ணி இல்ல. இந்தத் தலைய வச்சிக்கிட்டு நாங்க எங்க போக?”

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தார். பழக்கம் நாவில் வந்துவிட்டது. “காலைல விழுந்துச்சுய்யா” என்றார்.

அடுப்படியிலிருந்து ஜெபமணி வெளியே வந்தார். கையில் கரண்டி இருந்தது.

“காலைலயும் விழல, நேத்தும் விழல. அது போன வருசத்து வீடியோ. தப்பு எங்க மேலதான்.”

தம் மனைவி தம்மைப் பலர் முன்னிலையில் பொய்யராக்கியதில் அண்ணாச்சியின் முகம் கறுத்தது. ஜெபமணி அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

“அச்சன்புதூர்ல எங்க அண்ணன் வயல்ல பம்புசெட்டு ஓடுது. தண்ணி கல்லு மாதிரி விழும். நான் கூட வாரேன், ஏறுங்க. குளிச்சிட்டு வந்து சாப்புடுங்க.”

கரண்டியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார். கிருபாவும் உடன் சென்றாள். அண்ணாச்சியும் நானும் அடுப்படியில் நின்றோம். அவர் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். பிறகு தாமாகவே கைப்பேசியை எடுத்து அந்தக் காணொளியை நீக்கினார்.

குளித்து வந்தவர்கள் வயிறார உண்டனர். புறப்படும்போது சாத்தூர்க்காரர் அண்ணாச்சியின் தோளைத் தட்டிச் சொன்னதை அன்று மாலையே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்போல் எனக்குத் தோன்றியது:

“தண்ணி இல்லன்னு ஒரு வார்த்த போட்டிருந்தா, நாங்க வராமயாண்ணே போவோம்? விழுற அன்னைக்கு வந்திருப்போம்.”

4. நாள்காட்டித் தாள்

அவ்வார்த்தையிலிருந்து வழியைக் கண்டவள் கிருபா. தினமும் காலையில் அருவியின் நிலையை உள்ளபடி வெளியிடுவது என்று திட்டமிட்டாள். பழைய காணொளி என்ற ஐயம் எழாதிருக்க, உணவகச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் அன்றைய தாளைக் கிழித்து எடுத்துச் சென்று, அருவிக்கு முன் பிடித்துக் காட்ட வேண்டும். ஒரே இடம், ஒரே கோணம், ஒரே பாறை. நான் எழுதிக் கொடுத்த வாசகத்தை ஜெபமணி படிக்கத் தொடங்கி, மூன்றாம் சொல்லில் நிறுத்தி, “சார், இது வாய்க்குள்ள நிக்கமாட்டேங்கு” என்றார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் தம் பேச்சிலேயே சொன்னார்:

“இன்னைக்கு அருவியில தண்ணி இல்ல. பாறைதான் கெடக்கு. குளிக்கன்னு வாரவங்க வராதீங்க. சாப்புட வாரவங்க வாங்க.”

முதல் நாள்களில் ரீச் என்று, அதாவது பலர் கண்ணில் பட்டது என்று, சொல்லத்தக்க ஏதுமில்லை. இருந்த கூட்டமும் குறைந்தது. சிப்ஸ் கடை வைத்திருந்த பக்கத்துக் கடைக்காரர் அண்ணாச்சியைத் தேடி வந்தார்.

“வே, தண்ணி வராதது ஆண்டவன் செயலு. அத ஊருபூரா தமுக்கடிக்குதது ஒம்ம செயலுலா? ஏன்வே எல்லாவன் பொழப்பையும் கெடுக்கீரு?”

அச்சாலைக் கடைக்காரர் பத்துப் பேர் சேர்ந்து வந்து பேசினர் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அண்ணாச்சி கலங்கிப்போனார். திருப்பூர்த் தம்பிக்கு, ஆடி பிறந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லியும் விட்டார். அன்றிரவு கணவனும் மனைவியும் என்ன பேசினர் என்பதை நான் அறியேன். மறுநாள் காலையில் நாள்காட்டித் தாளைப் பிடித்துக்கொண்டு ஜெபமணி நின்றார். படம் பிடித்தவர் அண்ணாச்சி. காணொளியில் அவர் குரலும் மெல்லக் கேட்டது: “தாள நேராப் பிடி.”

தாளில் அச்சிட்டிருந்த வேதவசனத்தைப் படிப்பதற்கென்றே சிலர் பக்கத்திற்கு வரத் தொடங்கினர். ‘அக்கா, வசனம் மறையுது, விரல எடுங்க’ என்று கமெண்ட் வந்தது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டதா என்று ஒருவர் கேட்க, அவ்வூர் வழியாகக் காய் ஏற்றி வருபவரிடம் விசாரித்து, “இன்னும் மொட்டாத்தான் நிக்கி” என்று ஜெபமணி மறுநாள் தெரிவித்தார். நாடோறும் ‘இல்லை’ என்று சொல்லும் அப்பக்கத்தை, நாடோறும் பார்ப்போர் தொகை பெருகிக்கொண்டே சென்றது. கிருபா பணம் கட்டிப் பதிவைப் பரப்பும் பூஸ்டைச் செய்யவே இல்லை. உணவகம் மட்டும் காலியாகவே இருந்தது.

5. சாரல்

ஆனி முடியும் தறுவாயில் ஒருநாள் விடியலில் எங்கள் வீட்டுச் சன்னல் கம்பிகள் நனைந்திருந்தன. மலை தெரியவில்லை. சிறிது நேரத்தில் கிருபாவின் கைப்பேசி ஒலித்தது; காணொளி வந்திருந்தது. நனைந்து சுருண்ட தாளைப் பிடித்தபடி ஜெபமணி நிற்கிறார். பின்னால் ஐந்து கிளைகளிலும் நீர். இரைச்சலில் அவர் குரல் பாதியே கேட்டது. மூன்றே சொற்கள்:

“இன்னைக்கு விழுது. வாங்க.”

கிருபா எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. அப்படியே வெளியிட்டாள். அன்று விடுதிகளும் கடைகளும் ‘தண்ணீர் கொட்டுகிறது’ என்று வெளியிட்டிருந்தன. ஆனால் அவை அதற்கு முந்தைய நாளும் அதையேதான் சொல்லியிருந்தன. மக்கள் எதை நம்பினர் என்பதை அன்று நண்பகலுக்குள் ஐந்தருவிச் சாலை காட்டியது. உணவகத்தில் இடமில்லாமல் சிப்ஸ் கடையின் பெஞ்சுகளை இரவல் வாங்கினர். அவற்றைத் தூக்கி வந்தவர் அக்கடைக்காரரே.

நாங்கள் சென்றபோது அண்ணாச்சி பரிமாறிக்கொண்டே ஒரு செய்தியைச் சொன்னார். சாத்தூர்க்காரருக்குத் தெரிவிக்கவேண்டுமென்று காலையில் ஜெபமணி அழைத்தாராம். எடுத்தவர், “பாத்துட்டோம் தாயி. சங்கரன்கோவில் தாண்டியாச்சு. எண்ணெயும் தேச்சாச்சு” என்றாராம்.

திருப்பூருக்கு அவர்கள் போகவில்லை. கடை அங்கேயே இருக்கிறது. நீர் மிகுந்து குளிக்கத் தடை விதிக்கும் நாள்களில் அதையும் ஜெபமணி சொல்லிவிடுகிறார். தாள் மட்டும் இப்போது நெகிழி உறைக்குள் இருக்கிறது. தொழிலுக்கு வரும் இளைஞர்க்கு நான் சொல்லத்தக்கது இவ்வளவே: ‘உண்டு’ என்பதை எவரும் சொல்லலாம், ‘இல்லை’ என்று முன்னமே சொல்லியிருந்தவர் சொல்லும்போதுதான் அதற்கு விலை. காத்திருக்கும் நாள்களில் கடை காலியாக இருக்கும் என்பதையும் வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள்.

நினைவிலிருந்து எழுதியதால் இதில் பிழைகள் இருக்கக்கூடும். சாரல் தொடங்கிய நாளையோ, எவரேனும் சொன்னதையோ நான் மாற்றி எழுதியிருந்தால், ஐந்தருவிச் சாலையில் அன்று இருந்தவர்கள் திருத்த வேண்டுகிறேன். மரியாதைக்காகச் சரியென்று சொல்லிவிட வேண்டா. ‘அப்படி இல்லை’ என்று சொல்பவரை நம்பும் பழக்கம் எனக்கு வந்து நாளாகிறது.