நிரோசன் வெட்டிய பக்கிங்

களுதாவளையில் வீரகத்தி அண்ணன் எங்கே என்று யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. வீதியில் விழுந்திருக்கும் கறுப்புப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். கடைசிப் பொட்டுக்கு மேலே அவருடைய பழைய பிக்கப் நிற்கும், அதற்குப் பக்கத்தில் அவர் நிற்பார். என் தேத்தண்ணிக் கடை அவர் வீட்டுக்கு நேர் எதிரே. அந்த வாகனம் இந்த ஊருக்கு ஊற்றிய ஒயிலில் ஒரு பங்கு என் கடை வாசலுக்கும் கிடைத்திருக்கிறது. அதற்காக நான் அவரை ஏசாத கிழமை இல்லை.

ஆள் நல்ல ஆள், அதையும் சொல்லிவிட வேண்டும். இளவயதில் வெற்றிலைத் தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் ஊற்றியவர். பிறகு வெற்றிலைக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புச் சந்தைக்கு மிதித்தார். சுனாமிக்குப் பிறகு இங்கே வேலை செய்த ஏதோ ஒரு நிறுவனம், ஊரைவிட்டுப் போகும்போது கழித்துவிட்ட பிக்கப்பை வாங்கினார். கதவில் அவர்களுடைய சின்னத்தைச் சுரண்டி எடுத்த அடையாளம் கடைசி வரைக்கும் இருந்தது. அன்றிலிருந்து ஊரின் வெற்றிலையும் கத்தரிக்காயும் அதில்தான் சந்தைக்குப் போயின. பிள்ளைப்பேற்றுக்காரிகளும் அதில்தான் போனார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதங்களும் அதில்தான் வந்தன. இரண்டுக்கும் அவர் ஒரே வேகத்தில்தான் ஓட்டுவார். சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போனாலும் கோபம் வராது.

ஒழுக்குத் தொடங்கிய பிறகு அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்து சேர்ந்தது. யார் வீட்டு வளவுக்குள் வாகனத்தை விட்டாலும், சீற்றுக்கு அடியிலிருந்து ஒரு தகரத் தட்டை எடுத்து முதலில் என்ஜினுக்குக் கீழே தள்ளுவார். பிறகுதான் வீட்டுக்காரரிடம் சுகம் விசாரிப்பார். பிள்ளையார் கோயில் திருவிழா என்றால், சனம் வெறுங்காலோடு நடக்கிற மணல் என்று, வெகுதூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். காலையில் வாகனம் வீட்டைவிட்டுப் போனதும், அவருடைய மனைவி நாகரெத்தினம் அக்கா முற்றத்துக் கறுப்பு வட்டத்தின் மேல் இரண்டு கை மணல் அள்ளிப் போடுவார். மறுநாளும் அதே வட்டம், அதே மணல்.

“ஒருக்காக் கழட்டிப் புதுப் பக்கிங் போட்டா என்ன அண்ணன்?” என்று நான் கேட்பேன்.

“அது நிரோசன் வெட்டின பக்கிங், மூர்த்தி” என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நிரோசன் அவருடைய ஒரே மகன். களுவாஞ்சிகுடியில் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தான். ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு மார்கழியில், பிக்கப்பின் சம்ப், அதாவது என்ஜினுக்கு அடியில் ஒயில் தேங்கி நிற்கும் தொட்டி, கல்லில் அடிபட்டு ஓட்டையாகிவிட்டது. அதைக் கழற்றி ஒட்டினால், தொட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒயில் கசியாமல் அடைக்கிற புதுப் பக்கிங் வைக்க வேண்டும். அந்தக் காலத்து வாகனத்துக்கு அளவான பக்கிங் கடைகளில் இல்லை. நிரோசன் பக்கிங் தாள் வாங்கி வந்து, தொட்டியின் விளிம்பில் விரித்து வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டித் தட்டித் தானே வெட்டினான். மழை தூறிக்கொண்டிருந்தது. நாகரெத்தினம் அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் தட்டுச் சத்தம் என் கடைக்குள் பின்னேரம் முழுக்கக் கேட்டது. அவன் முதன்முதலாகத் தனியே செய்த வேலை அது. அதுவே கடைசி வேலையுமாகிவிட்டது. அந்தக் கிழமையே காய்ச்சலில் படுத்தான். டெங்கு என்றார்கள். அடுத்த கிழமை அவனை அதே பிக்கப்பில்தான் கொண்டுவந்தார்கள். வீரகத்தி அண்ணனை ஓட்டவிடவில்லை, பின்னால் மகனோடு இருத்தினார்கள்.

முதல் சொட்டு விழுந்தது முப்பத்தோராம் நாள் கிரியைக்குச் சாமான் ஏற்றிய அன்று. குனிந்து பார்த்தால் சம்பின் விளிம்பு முழுக்க ஈரம். பக்கிங்தான் ஒழுகுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கழற்றினால் தாள் கிழிந்துவிடும். கிழிந்தால் மகனுடைய கைவேலை என்று உலகத்தில் வேறு ஒன்றுமில்லை. அதனால் அவர் கழற்றவிடவில்லை. என்ஜினைக் கழுவக்கூட விடவில்லை, தண்ணீர் பட்டுத் தாள் விட்டுவிடும் என்று பயம். ஒவ்வொரு காலையும் ஒயில் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டு ஓடினார்.

“என்ட மகன் வேலைய முழுசாப் படிக்க முன்னம் போயிட்டான். அதான் ஒழுகுது” என்று அவரே ஒரு நாள் என் கடையில் சொல்லிச் சிரித்தார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகினாலும் குழாய் சொட்டினாலும் களுதாவளையில் ‘நிரோசன் பக்கிங்’ என்றார்கள். கோயில் தண்ணீர்த் தொட்டி கசிந்தபோது நிர்வாகக் கூட்டத்திலேயே ஒருவர் அப்படித்தான் சொன்னார். வீரகத்தி அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். செத்தவனின் பெயரை ஊர் இரண்டாம் வருடத்திலேயே மறந்துவிடும். எந்த வகையிலாவது அந்தப் பெயர் நாலு பேர் வாயில் வந்தால் போதும் என்று இருந்தார் போலிருக்கிறது. பாவம், மனிதர் அதைக் கொண்டே வாழ்ந்தார்.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. டீசலோ பெற்றோலோ, நிரப்பு நிலையச் செட்டில் அடிப்பதை நாங்கள் எல்லோரும் எண்ணெய் என்போம். என்ஜினுக்குள் விடுவது ஒயில். அவருக்கு மட்டும் டீசல் டீசல்தான், ஒயில்தான் எண்ணெய். “டீசல் அதுக்குச் சோறு. எண்ணெய் அதுக்கு முழுக்காட்டுறது” என்பார். அவருடைய வீட்டில் இருப்பவர்களுக்கும் எனக்கும் அது பழகிவிட்டது. புது மருமகனுக்குப் பழகவில்லை.

மருமகன் நிலோஜன் வாகரைப் பக்கத்துப் பிள்ளை, மீன்பிடிக் குடும்பம். மகள் கிருசிகாவைக் கட்டிக்கொண்டு போன ஆவணியில்தான் இங்கே வந்தான். நல்ல ஒழுங்கான பொடியன். வீரகத்தி அண்ணனின் கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தபோது, பிக்கப் அவன் கைக்கு வந்தது.

“ஒவ்வொரு நாளும் எண்ணெய் பாத்து விடு மனே. அது மட்டும் மறந்திராத” என்று சொல்லிவிட்டுத்தான் மாமனார் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவன் மறக்கவில்லை. வாகனம் நிற்கிற இடமெல்லாம் தகரத் தட்டை வைத்தான். ஒவ்வொரு நாளும் டீசல் முள்ளைப் பார்த்தான், குறைந்தால் செட்டுக்குப் போய் அடித்தான். சீற்றுக்கு அடியில் இருந்த ஒயில் கலனைத் தொடவில்லை, மாமா சேமித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தான். வார்டிலிருந்து வீரகத்தி அண்ணன் அவனோடு போனில் பேசியபோது நாகரெத்தினம் அக்கா பக்கத்தில்தான் இருந்தாராம்.

“எண்ணெய் பாத்தியா மனே?”

“ஓம் மாமா. குறைய விடுறல்ல. நேத்தும் நிரப்பின நான்.”

“அப்பிடியெண்டா சரி” என்று அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிப் படுத்தாராம்.

அவன் சந்தைக்கு வெற்றிலை ஏற்றிக்கொண்டு போன ஒரு நாள், ஆரையம்பதி தாண்டியதும் என்ஜின் இரும்போடு இரும்பு உரசுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. தீய்ந்த மணம் வந்தது. வீதியின் நடுவிலேயே நின்றுவிட்டது. ஒயில் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அப்போதும் எரியவில்லை. அது எரியாமல் போய் வருடக்கணக்காகிறது, பல்ப் போயிருக்கும் என்று நினைத்து யாரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. வெற்றிலைக் கட்டுகள் வெயிலில் கிடந்து வாடின. காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் றிப்ஷான் ஆள் விட்டு இழுத்துக்கொண்டு போனான்.

கண் கட்டோடு வீட்டுக்கு வந்த மனிதரிடம் இதை மறைக்க முடியவில்லை. முற்றத்தில் கறுப்பு வட்டம் இல்லை. “வாகனம் எங்க?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கேட்டுவிட்டு ஓட்டோ பிடிக்கச் சொன்னார். தனியே விட மனமில்லாமல் கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன்.

பிக்கப் கராஜில் முன்புறம் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. என்ஜினைக் கழுவியிருந்தார்கள். ஏழு வருட அழுக்குப் போய், அது யாரோ தெரியாதவருடைய வாகனம் மாதிரி இருந்தது. நிலோஜன் ஒரு மூலையில் நின்றான்.

“மாமா, நான்தான் நாசமாக்கிப் போட்டன்” என்றான். அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நான் எண்ணெய் எண்டு கேட்டன். நீ எண்ணெய் எண்டு சொன்னாய். இதுல உன்னில என்ன பிழை?” என்றார் அவர். பிறகு றிப்ஷானிடம் திரும்பி, “அந்தப் பக்கிங் ஒழுகித்தான் இப்பிடி ஆகிட்டு தம்பி. என்ட மகன் வெட்டினது. அறியாத வயசு” என்றார்.

றிப்ஷான் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான்.

“ஆரு சொன்ன ஐயா, பக்கிங் ஒழுகினெண்டு?”

கட்டை விரல் அளவில் ஒரு சின்னச் சாமானை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தான். ஒயில் சுவிச்சு. என்ஜினின் பக்கவாட்டில் இருப்பது, சிவப்பு விளக்கை எரிய வைப்பது. அதன் தலை வெடித்திருந்தது.

“இதுதான் ஒழுகியிரிக்கி. இதுக்குள்ளால வந்து, என்ஜின் உடம்பில வழிஞ்சு, சம்ப் விளிம்பில தேங்கித்தான் சொட்டியிரிக்கி. கழுவாமப் பாத்தா எவனும் பக்கிங்கத்தான் சொல்லுவான். இது செத்ததாலதான் லைட்டும் எரியல்ல.” அவன் கீழே கிடந்த தொட்டியைக் காட்டினான். “இதுட ஆணியெல்லாம் கழட்டியும் இது வரல்ல ஐயா. சுத்தி வர அலகு விட்டுத்தான் பிரிச்ச. தாள்ல நடுவால ஒரு சொட்டு நனையல்ல, பாருங்க. நல்ல கை.”

தொட்டியின் விளிம்பில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது நிரோசன் வெட்டிய பக்கிங். கண் டொக்டர் குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார். வீரகத்தி அண்ணன் சீமெந்துத் தரையில் முழங்காலில் இருந்து, ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்தார். விரலால் தடவினார்.

“இத முழுசா எடுக்க ஏலாமப் போச்சா தம்பி?”

“நல்லா வச்ச பக்கிங் முழுசா வராது ஐயா” என்றான் றிப்ஷான்.

அவர் கையிலிருந்த சுவிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத மாத்த எவ்வளவு நேரம் எடுக்கும்?”

றிப்ஷான் சொல்லத் தயங்கினான். “ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான். சம்பத் தொடவே தேவல்ல.”

கட்டுப் போட்ட கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். “ஐயோ, என்ட பிள்ளைக்குப் பழி சொல்லிப்போட்டன். ஊர் சொல்லவும் விட்டுட்டன்” என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் நிலோஜனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். வேறு என்ன செய்வது? என்ஜின் இனி எழும்பாது என்று றிப்ஷான் மெதுவாக என் காதில்தான் சொன்னான். அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் சாவுச் செய்தி சொல்ல வருகிறவர் வீட்டுக்குள் வரமாட்டார். கடப்படியில், வாசல் வெளியில் நின்று, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இரு என்றாலும் இருக்கமாட்டார், தண்ணீர் கொடுத்தாலும் வாங்கமாட்டார். நிரோசன் செத்தபோது அப்படி வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் விடிந்து கடையைத் திறந்தபோது வீரகத்தி அண்ணன் வீதியைக் கடந்து வந்தார். கண்ணில் கட்டு, தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. நான் வழமை போல அவர் உட்காரும் வாங்கைத் துடைத்துவிட்டு, தேத்தண்ணீரை ஆற்றிக் கொண்டுவந்தேன். அவர் படியேறவில்லை.

“மூர்த்தி, நிரோசன்ட பக்கிங் ஒழுகல்ல” என்றார்.

“நான்தானே அண்ணன் உங்களோட நிண்டு பாத்த. எனக்குத் தெரியாதா? வந்து இரிங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். நான் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் அவர் அடுத்த வீட்டுக் கடப்படியில் நின்று, “ஆர் உள்ளுக்கு?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.