கபோனுக்கு ஒரு தங்குகடல்

திருவொற்றியூரில் ஒரு மரக்கிடங்கில் கிரேன் கொக்கிக்குக் கம்பிவடம் மாட்டும் வேலை எனக்கு. துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வந்து இறங்கும் தடிகளில் ஒரு வகை உண்டு. அறுத்தால் செங்கல்பொடி மாதிரி சிவந்த தூள் பறக்கும். சட்டையில் ஏறினால் துவைத்தும் போகாது. பட்டையில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். எந்த ஊர் மரம் என்று மேஸ்திரியைக் கேட்டேன். "கபோன்" என்றார். அது எங்கே இருக்கிறது என்றதற்கு, "ஆப்பிரிக்கால எங்கியோ கீது. நீ வடத்தப் பாத்து மாட்டு" என்றார்.

அந்தச் சேறு எந்த ஆற்றுச் சேறு என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் காரணம். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இந்த ஆசை வருவதற்கு முன்பே விசாகப்பட்டினம், காண்ட்லா, கௌஹாத்தி என்று ரயிலேறிப் போய், கிடைத்த இடத்தில் மூட்டை தூக்கி, ஒருமுறை மலேரியாவோடும் ஒருமுறை உடைந்த விரலோடும் திரும்பியிருக்கிறேன். கடல் தாண்டியதில்லை.

ராயபுரத்தில் அப்போதுதான் பிரௌசிங் சென்டர்கள் வந்திருந்தன. அங்கே உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன்களைப் படித்துச் சொல்லச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். கபோனில் பிரெஞ்சு பேசுகிறார்கள். தலைநகர் லிப்ரவில். அங்கிருந்து காட்டுக்குள் ஒரே ஒரு ரயில் பாதை போகிறது. ஆளும் போகலாம், மரத்தடியும் அதே பாதையில்தான் வருகிறது. சுற்றிப் பார்க்கப் போனவர்கள் எழுதியது மிகக் குறைவு. எழுதியவர்களும் ரயில் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது என்றுதான் எழுதியிருந்தார்கள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். என் கூடப் பிறந்த அக்கா. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள். அவள் புருஷன், என் மாமா, ஒரு மீன்பிடி லாஞ்சில் டிரைவர். தங்குகடல் போனால் கரை திரும்ப வாரக்கணக்காகும். அந்த லாஞ்சுக்கு அரிசி, தண்ணீர், ஐஸ், டீசல் என்று எல்லாவற்றையும் ஏற்றி அனுப்புவது அக்காதான்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். கையில் இருந்த வஞ்சிரத்தைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பி வர்றதுக்கு இன்னா வெச்சிகிறே?" என்று கேட்டாள்.

"போனப்புறம் பாத்துக்கலாம் யக்கா."

"தோடா. போறதுக்கு எந்தக் கஸ்மாலமும் போவான். மொதல்ல வர்றதுக்கு டீசல ஒதுக்கி வெச்சிட்டு, மிச்சத்துலதான்டா போற தூரத்தப் பாக்கணும்."

அன்றிலிருந்து லாஞ்சை அனுப்புவது போலவே என் பயணத்தையும் அவள் ஏற்பாடு செய்தாள். இதுவரை என்னை யாரும் அப்படி அனுப்பி வைத்ததில்லை. நானும் சொல்லிக்கொண்டு போனதில்லை. ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் விமான டிக்கெட் வாங்கும்போது, போக மட்டும் எடுத்தால் போதும், திரும்புவதை அங்கே மலிவாக எடுக்கலாம் என்றார் டிக்கெட் கடைக்காரர். அக்கா கேட்கவில்லை. மும்பை, அடிஸ் அபாபா, லிப்ரவில், அப்புறம் அதே வழியில் திரும்ப என்று இரண்டு பக்கமும் எடுக்க வைத்தாள். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குத் துறைமுக சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். ஆள் சேர்ந்தால்தான் மருந்துக் குப்பியை உடைப்பார்கள். கப்பல்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து போட்டுக்கொண்டேன். விசாவுக்காக டெல்லிக்குப் போன பாஸ்போர்ட்டும் நல்லபடியாகத் திரும்பி வந்தது.

எல்லாம் ஆன பிறகு ஒன்று மிச்சமிருந்தது. பத்தாவது தேறாதவனின் பாஸ்போர்ட்டில் அந்தக் காலத்தில் ஒரு முத்திரை குத்திவிடுவார்கள். வெளிநாட்டுக்குக் கூலிவேலைக்குப் போய் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக. அப்படிப்பட்டவன் சுற்றிப் பார்க்கப் போவதாக இருந்தாலும், அரசாங்க அலுவலகத்தில் அதற்கென்று தனியாக அனுமதி முத்திரை வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் மும்பை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிக்கெட், விசா, ஊசி எல்லாம் வீண்.

எங்கள் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ யாரும் தனியாகப் போவதில்லை. நாலு பேர் கூட நின்றால்தான் மரியாதை என்பது எங்கள் எண்ணம். அக்கா முன்னால், நான் அவள் பக்கத்தில், கிடங்குத் தோழர்கள் ஆறு பேர் பின்னால். கிடங்கு வேனிலேயே போய் இறங்கினோம். எல்லோரும் சலவைச் சட்டை போட்டிருந்தார்கள்.

அதிகாரி தலையைத் தூக்கி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். என் விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்: "எத்தனை நாளா இந்தத் தொழில் பண்றீங்கம்மா?"

அக்கா பெருமையாக, "கல்யாணத்துக்கு முன்னாடிலேந்து பண்ணிகினு கீறேன் சார்" என்றாள்.

"இதுவரைக்கும் எத்தனை பேரை அனுப்பியிருக்கீங்க?"

"லாஞ்சுக்கு எட்டு பேரு, ஒம்போது பேரு போவாங்க சார்."

அதிகாரி பேனாவை மூடினார். அவர் அவளை மீன்காரியாகப் பார்க்கவில்லை, ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டாகப் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் ஏழு பேரும் ஆப்பிரிக்காவுக்கு ஏற்றப்படப் போகிற கூலிகள். "சார், அது வந்து..." என்று திக்கினேன்.

"மரம் வெட்டுற வேலைதானே? கம்பெனி பேரைச் சொல்லுங்க. இவனுக்கு அனுமதி கிடையாது. உங்க மேலயும் புகார் எழுத வேண்டியிருக்கும்."

அக்காவுக்கு அது புரிய அரை நொடிதான் ஆயிற்று. பயப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். ஏலத்தில் பொய் விலை கேட்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"வேலையா? இவனா? சார், இவன் இங்கியே ஒரு எடத்துல ஒழுங்கா வேல செஞ்சதில்ல. கௌஹாத்தி போனான், வெரலு ஒட்ச்சிகினு வந்தான். இவன வேலைக்குக் கூப்புட ஆப்பிரிக்காகாரன் இன்னா பைத்தியமா?"

பின்னால் நின்ற ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். அக்கா திரும்பி, "இன்னாங்கடா பல்லக் காட்றீங்க? பாக்கெட்ல கீறத எடுத்து சார் மேசமேல வைங்கடா" என்றாள். பீடிக்கட்டு, தீப்பெட்டி, சீப்பு, வேன் சாவி எல்லாம் மேசைக்கு வந்தன. ஒருவனிடமும் பாஸ்போர்ட் இல்லை.

"இவனுங்க சும்மா தொணைக்கு வந்தவனுங்க சார்" என்றாள். பிறகு என் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். "வேலைக்கிப் போறவன் எவன் சார் போம்போதே திரும்பி வர்ற தேதியப் போட்டு எடுப்பான்? பாரு சார். இவன் அங்க போயி மரத்தப் பாத்துட்டு, ஆத்தப் பாத்துட்டு, வூட்டுக்கு வந்துருவான்."

அதிகாரி டிக்கெட்டை நெடுநேரம் புரட்டினார். என்னைப் பார்த்து முதல்முறையாகப் பேசினார். "எதுக்குய்யா போறே, நிஜமாச் சொல்லு."

மரத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பற்றிச் சொன்னேன். அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. அவர் அக்காவைப் பார்த்தார். அவள், 'நான்தான் சொன்னேனே' என்பதுபோல் கையை விரித்தாள்.

முத்திரை விழுந்த சத்தம் கேட்டது. எத்தனையோ ஊருக்குப் போனவன் நான். அவள் சென்னையைத் தாண்டியதே இல்லை. இருந்தும் அந்த மேசை முன்னால் எனக்குத் திக்கியது, அவளுக்குத் திக்கவில்லை.

வெளியே வந்ததும் பாஸ்போர்ட்டை மூடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "மை காயலடா, சோமாரி. எதிர் பக்கத்துல ஒட்டிக்கும்." வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முத்திரை விழுந்த பக்கத்தைக் காற்றில் விரித்துப் பிடித்துக்கொண்டாள். ராயபுரம் வரும்வரை மூடவில்லை. ஆறு பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.