பொன்னாடையோடு வாங்கில் இருந்தவர்

நடந்தவை இவை:

1. நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மோர்டனில் சித்தப்பா வைத்திருந்த கடைக்குப் பார்சல் எடுக்க வந்த ஒருவர், முன்பு ஸ்பெயினில் கோல்காப்பாளராக இருந்தவர் என்று தெரியவந்தது.
2. அவர் எங்கள் ஊர்ச் சங்கத்துச் சிறுவர் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்றுநரானார்.
3. கோடைகாலப் போட்டியன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.
4. அவர் ஒலிவாங்கியில் ஓர் உண்மையைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.
5. நான் கோலுக்குள் நின்றேன்.

அப்போது எனக்கு ஐந்தாவது மட்டும்தான் முக்கியம். அணியில் நான் ஒருத்திதான் பெண், இரண்டாவது கோல்காப்பாளர். முதலாவது, பெரியப்பாவின் மகன். அண்ணாவுக்குத் தடிமன் காய்ச்சல்கூட வருவதில்லை. அதனால் அந்தப் பருவம் முழுவதும் நான் மாற்றாட்டக்காரர் அமரும் வாங்கில், பயிற்றுநருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அவருடைய விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்திருந்தன. தேர் பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது பந்தை உதைத்தால் மெல்லிய குரலில் கேட்பார்: எந்தக் கால், எங்கே பார்த்தான், பந்து எங்கே போனது? எனக்குச் சலிக்காமல் இருக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போட்டியன்று சித்தப்பாதான் அறிவிப்பாளர். "ஸ்பெயின் நாட்டு அணியின்ர கீப்பர்" என்று அறிவித்து, சங்கத் தலைவரைக் கொண்டு பொன்னாடை போர்த்துவித்தார். பயிற்றுநர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். தான் நாட்டு அணியில் இருந்ததே இல்லை, ஒரு கழகத்தில் இரண்டாவது கோல்காப்பாளர், பெரும்பாலும் வாங்கில் இருந்து இன்னொருவர் விளையாடுவதைப் பார்த்தவன் என்றார்.

சித்தப்பா ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார்.

"கேட்டியளே? இதுதான் தன்னடக்கம் எண்டுறது."

பெரிய கைதட்டல். எங்கள் மேடைகளில் பொன்னாடை பெறுகிற எவரும் தனக்குத் தகுதியில்லை என்றுதான் சொல்வார்கள். அவருடைய உண்மையும் அந்தக் கணக்கில் போய்விட்டது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது நான்தான். சற்று நேரத்தில் பொன்னாடையைக் கழற்றி மடித்து வைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வெயிலில் சரிகை மினுங்க அப்படியே இருந்தார்.

இறுதியாட்டம் சமநிலையில் முடிகிற நேரத்தில் அண்ணாவின் பெருவிரல் சுளுக்கியது. இனிப் பெனால்டி உதைகள். பயிற்றுநர் என்னைப் பார்த்தார்.

கயிற்றுக்கு அப்பால் நின்று அம்மா சத்தம் போட்டார். "அவளுக்கு ஏலாது. வேற ஆரையும் விடுங்கோ."

"பேசாம இருங்கோ அண்ணி, ஸ்பெயின் கீப்பர் எல்லே சொல்லுறார்" என்றார் சித்தப்பா. ஒலிவாங்கி கையில் இருந்ததால் மைதானம் முழுவதும் கேட்டது.

அண்ணாவின் கையுறைகளில் ஒரே புழுதி. பயிற்றுநர் பொன்னாடையாலேயே அவற்றைத் துடைத்து எனக்கு மாட்டிவிட்டார். தலைவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீ எல்லோரையும் பார்த்துவிட்டாய்தானே?" என்றார் பயிற்றுநர்.

முதல் இரண்டும் உள்ளே போயின. மூன்றாவதாக எதிரணியின் சிவப்புச் சப்பாத்துப் பையன் வந்தான். வலப்பக்கம் பார்த்துவிட்டு எப்போதும் இடப்பக்கம் உதைப்பவன். அவன் வலப்பக்கம் பார்த்தான். நான் மற்றப் பக்கம் பாய்ந்தேன். பந்து மணிக்கட்டில் பட்டு வெளியே போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எங்களுடைய ஓர் உதை முன்பே தவறியிருந்தது; கடைசி உதையும் கம்பத்துக்கு மேலால் பறந்தது. தோற்றோம். பயிற்றுநர் பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோற்றதற்காக அழுகிறார் என்று நினைத்து, அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போதைய நிலை: அவர் ஒரு தொழில்முறைக் கழகத்தில் கோல்காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். தொலைக்காட்சியில் சில சமயம் வாங்கின் ஓரத்தில் தெரிவார். சித்தப்பா இன்னமும் வாடிக்கையாளர்களுக்கு ஸ்பெயின் நாட்டு அணியின் கதையைச் சொல்கிறார். நான் ரயில் சமிக்ஞைப் பொறியியலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெண்கள் அணியின் இரண்டாவது கோல்காப்பாளர். இந்தப் பருவத்தில் இன்னும் களமிறங்கவில்லை.