அம்மா சாட் செய்த ஞாயிற்றுக்கிழமை

குரோம்பேட்டையில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வராத காலம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு செருப்புக் கடை மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புகளுக்குள் ஆறு கம்ப்யூட்டர்கள். ஒரு ஞாயிறு காலை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அங்கே போனோம்.

அமெரிக்காவில் இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, மூன்று வருஷமாக எங்களோடு பேசுவதில்லை. மாமா தானே பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார். அப்பா, “நம்ம வீட்டிலிருந்து யாரும் போகக் கூடாது” என்றுவிட்டார். யாரும் போகவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த வாரம் மாமாவின் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் மாமாவின் ஐடி இருந்தது. கீழே, ‘ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு சாட்டில் இருப்பேன். அக்கா வருவாளா?’ என்று எழுதியிருந்தது.

அப்பா சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஒருவர் கூடப் போக வேண்டாமா என்றுதான் வந்தார். அவர் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

சென்டர்காரர் எங்களுக்கு ஒரு ஐடி போட்டுக் கொடுத்து, லைன் கிடைப்பதற்குள் ஒன்பதே கால். நாற்காலியில் அப்பா உட்கார்ந்தார். திரையில் மாமாவின் வரி காத்திருந்தது. தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார்.

“அக்கா, இருக்கியா?”

அப்பா ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். ‘இருக்கிறோம்’ என்பதில் பாதிகூட ஆகவில்லை. அதற்குள் அடுத்த வரி வந்தது.

“யாராவது இருக்கீங்களா?”

அப்பா அடித்ததை அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“யாரும் வரலை போல. சரி, நான் கிளம்பறேன்.”

“எழுந்திரிங்க” என்றாள் அம்மா.

அப்பாவிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். எழுந்துவிட்டார்.

அம்மா உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, பத்து விரலையும் வைத்தாள். பிறகு நடந்ததை இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். விரல்கள் எங்கே போகின்றன என்று அவள் பார்க்கவே இல்லை. கண் திரையில் இருந்தது, கீழே சடசடவென்று சத்தம். “டேய், போகாதே, அக்காதான்டா, வந்துட்டேன்” என்று முழுசாக வந்து விழுந்தது. வரி முடிந்ததும் இடது கை தானாக மேலே போய், அங்கே இல்லாத ஏதோ ஒரு கைப்பிடியைத் தள்ளப் பார்த்தது. அவளே சிரித்துவிட்டாள்.

“மேடம், மெதுவா, கீபோர்டு பாவம்” என்றார் சென்டர்காரர். பக்கத்துத் தடுப்பிலிருந்து இரண்டு காலேஜ் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” அப்பா கேட்டார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சேன். ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றாள், அடிப்பதை நிறுத்தாமல்.

மாமா கிளம்பவில்லை. அவர் ஒரு வரி அடிப்பதற்குள் அம்மா மூன்று வரி அடித்தாள். அமெரிக்காவை அம்மா தோற்கடித்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவே, “உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்டா” என்று ஒரு வரி ஓடியது. முடிந்துபோன கல்யாணத்துக்கு எதற்கு நேரத்தை வீணாக்குகிறாள், சாக்லேட் அனுப்பச் சொல்லலாமே என்று எனக்கு ஆதங்கம்.

அந்த வரியை அப்பாவும் படித்தார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, “பொங்கலுக்கு அந்தப் பெண்ணையும் கூட்டிட்டு நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு அடி” என்றார்.

அம்மாவின் கை நின்றது.

“அடிம்மா, சீக்கிரம்!” என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். பத்து விரலும் எழுத்துகளின் மேலேயே இருந்தன, ஒன்றுகூட அசையவில்லை. அவ்வளவு வேகமாக அடித்தவளுக்கு இந்தச் சின்ன வரியை அடிக்க ஏன் அத்தனை நேரம் ஆகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.