வெள்ளைப் பின்னணியில் மாமா

ஒரு படத்தை விற்பனைக்கு அனுப்பும் முன் குறைந்தது பத்துத் தடவையாவது சரிபார்ப்பேன். கோடு எங்காவது மூடாமல் விட்டுப்போயிருக்கிறதா, ஒரு புள்ளி போதும் என்கிற இடத்தில் மூன்று விழுந்திருக்கிறதா, நிறத்துக்கு அடியில் வேண்டாத துண்டு ஏதாவது ஒளிந்திருக்கிறதா. அனுப்பிய பிறகும் நிம்மதி கிடையாது. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் சைக்கிளைத் திருப்புகிற ஆள் நான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் வேறு. எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் என் ஃபைலைத் திறந்ததும் 'இவன் படிக்காதவன்' என்று கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். இத்தனைக்கும் பயந்தவன், பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் பயப்படாமல் போனேன்.

அப்போது நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் ஓரத்தில், கான்ட்ராக்ட் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில், அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற கரியை அள்ளிப்போடும் வேலையில் இருந்தார். நான் சில வருடம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வேலை பார்த்து, கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். போட்டோவை பேனர் அளவுக்கு இழுத்தால் கட்டம் கட்டமாக உடையும். கோடுகளால் வரைந்த படம் எவ்வளவு இழுத்தாலும் உடையாது. அப்படிப்பட்ட படங்களை வாங்கி விற்கும் இணையதளம் ஒன்றைக் கண்டுபிடித்து, வீட்டிலிருந்தே பழம், குடை, ஆட்டோ என்று வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லாமே எல்லாரும் வரைகிற படங்கள். கடலில் கரைத்த பெருங்காயம் மாதிரி காணாமல் போயின.

ஒருநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்த மாமா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். தலையில் கட்டிய துண்டின் முனை இடது காதுமேல் தொங்கியது. ஹெல்மெட் முழங்காலில் கவிழ்ந்திருந்தது. லேஸ் அறுந்த பூட்ஸுக்கு நீல பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தார். நான் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அதன்மேல் கோடு போட இரண்டு நாள் ஆனது. அந்த நீலக் கயிறு எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், அதன் முடிச்சைக்கூட விடாமல் வரைந்தேன். பிறகு பின்னணியை எடுத்தேன். ஆளைச் சுற்றி எதுவும் இல்லாமல் சுத்த வெள்ளையாக இருந்தால்தான் வாங்குகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். நிலைக்கதவு போனது, அக்கா மகள் பாப்பாவின் ஸ்கூல் பை போனது, கால் கழுவ அக்கா வைத்திருந்த தண்ணீர்ச் செம்பு போனது.

அனுப்பும்போது ஒரு கேள்வி வரும்: இது உண்மையான ஆளைப் பார்த்து வரைந்ததா? ஆம் என்றால் சம்மதம் என்று அவருடைய கையெழுத்து வேண்டும். முகம்தான் துண்டுக்குள் குனிந்திருக்கிறதே, யாருக்குத் தெரியும் என்று 'இல்லை' போட்டேன். தேடுகிறவர்கள் கண்ணில் பட ஆங்கிலத்தில் சில சொற்கள் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் படங்களிலிருந்து பொறுக்கினேன். இந்தியத் தொழிலாளி, சுரங்கம், தூக்கம். கடைசியில் சோம்பேறி என்பதற்கான சொல். பொருள் தெரியாமல் போட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தெரிந்துதான் போட்டேன். அந்தச் சொல்லைத்தான் நிறையப் பேர் தேடுகிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன்.

படம் விலைபோனது. இந்திய சுரங்கத் தொழிலாளி என்று தேடினால் அந்த நாளில் என் படத்தைத் தவிர அதிகம் கிடையாது. அதுவே பெருமையாக இருந்தது.

சில மாதம் கழித்து, முதல் ஷிப்ட் முடிந்து வந்த மாமா சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னியப் போர்டுல போட்டு வச்சிக்கிறாங்கடி" என்றார் அக்காவிடம். "கான்ட்ராக்டர் ஆபீஸ் வாசல்ல. வேல நேரத்துல தூங்காதீர்னு எழுதி, எம்மேல செவப்புல பெருக்கல் குறி."

"உங்க மூஞ்சியா?"

"மூஞ்சி எதுக்கு? நீலக் கயிறு கட்டின பூட்ஸ மைன்ஸ்ல வேற எவன் போட்டுக்கினு திரியறான்? மேஸ்திரி கேக்கறான், 'என்னா மாப்ள, தலவாணி கொண்டாந்து குடுக்கட்டா'ன்னு. ஒரு ஷிப்ட்லகூடக் கண்ண மூடினது கெடையாதுடி நானு."

அந்த நேரத்தில்தான் வேலையை நிரந்தரம் செய்வதற்குப் பழைய ஆட்களின் பட்டியல் எடுக்கிறார்கள் என்று பேச்சு. மாமா பன்னிரண்டு வருடமாக அதற்குத்தான் காத்திருந்தார்.

"சோத்து வேளையில குந்திக்கினு இருந்தப்ப கூட இருந்தவன்தான் போட்டோ புடிச்சிக் குடுத்துருக்கணும்" என்றார். "காடாம்புலியூரான். புதுசா கேமரா போன் வாங்கிக்கினு ஆட்டிக்கினு இருந்தான்."

காடாம்புலியூர்க்காரர் மாமாவோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிற கூட்டாளி. நான் அதே அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்துத் தட்டையும் கழுவி வைத்தேன்.

மறுநாள் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். என்னுடையதாக இருக்கக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். ஆள் உயரத்துக்கு இழுத்திருந்தார்கள். பூட்ஸின் நுனியில் ஒரு கூர் நீட்டிக்கொண்டிருந்தது. பத்துத் தடவை பார்த்தும் என் கண்ணுக்குத் தப்பி, கோட்டை வெளியே இழுத்துவிட்ட ஒரு புள்ளி. சந்தேகத்துக்கு இடமில்லை.

அப்படியும் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. மாமா கூட்டாளியோடு பேசுவதை நிறுத்தினார், டப்பாவையும் தனியாக எடுத்துப் போனார். ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காடாம்புலியூர்க்காரர் பாதிப் பலாப்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். மாமா உள்ளேயிருந்து கையை ஆட்டினார், இல்லை என்று சொல்லச் சொல்லி.

"மாமா வூட்ல இல்லீங்க" என்றேன்.

"செருப்பு கெடக்குதே தம்பி. வெறுங்கால்லயா போய்க்கிறான்?" என்றவர், உள்ளே கேட்கும்படி குரலை உயர்த்தினார். "டேய் மச்சான், நான் இன்னா தப்பு பண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அப்பால பேசவே வாணாம்."

பழத்தின் பிசின் அவர் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. "அவரு இல்ல மாமா, நான்தான்" என்று உள்ளே திரும்பிச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன்.

மாமா எழுந்து வந்தார். செல்போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, நான் வரைந்ததைக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வூடெல்லாம் எங்கடா?"

"எடுத்துட்டேன் மாமா."

"ஏன்?"

"வெள்ளையா இருந்தாத்தான் வாங்குவாங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் செல்போனில் அந்தச் செம்பைப் பெருவிரலால் தொட்டுக்கொண்டு நின்றார்.

காடாம்புலியூர்க்காரர்தான் சிரித்தார். "நீ தூங்கறத வெளிநாட்டுக்கு வித்துட்டான்யா உம் மச்சான். எங்குறட்டைக்கும் ஒரு வெல கேட்டுச் சொல்லு தம்பி." அக்கா சிரிக்கவில்லை. மாமா பலாப்பழத்தை வாங்கி உள்ளே வைத்தார். அவ்வளவுதான் அவர்களுக்குள் சமாதானம்.

திங்கட்கிழமை போட்டோவை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மாமாவும் நானும் கான்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போனோம். இது வீட்டு வாசல், ஷிப்ட் முடிந்து வந்த காலை நேரம் என்று நான் விளக்கினேன். கிளார்க் போட்டோவை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"பிரிண்டிங்காரன் கம்ப்யூட்டர்ல எறக்கின படம்ங்க இது. உங்க படம்னு யாரு சொன்னா? நீங்களா வந்து நாந்தான் நாந்தான்னா, ஊருக்கே தெரிஞ்சிடாதா?"

மாமா போட்டோவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போர்டு வெயிலில் நிறம் வெளுக்கும்வரை அங்கேயே இருந்தது. படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து திரும்ப வாங்க வழியில்லை என்று பதில் வந்தது.

அந்தமுறை பட்டியலில் மாமாவின் பெயர் வரவில்லை. வராததற்கு எத்தனையோ காரணம், நிறையப் பேருக்கு வரவில்லை என்றாள் அக்கா. எனக்காகத்தான் சொன்னாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக மாமா நம்புகிறார். படத்தோடு கடைசியாகக் கொடுத்த அந்த ஒரு ஆங்கிலச் சொல்லை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பூட்ஸுக்குக் கறுப்பு லேஸ் வாங்கிப் போட்டுக்கொண்டார். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது அக்கா வழக்கம்போலப் படியருகே செம்பில் தண்ணீர் வைப்பாள். மாமா நின்றபடியே காலைக் கழுவிக்கொண்டு நேராக உள்ளே போய்விடுவார். என் மேஜை ஜன்னலோரம் இருந்தது. அவர் படியைத் தாண்டும்வரை நான் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.