சாவு மேளமும் எட்டு ஒலிபெருக்கிகளும்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் அந்தக் கண்காட்சி நடந்தது. ஐந்து நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து ஒலியும் ஒளியுமாக ஒரே படைப்பைச் செய்வதாக ஏற்பாடு. ஒலிக்கு நான் பொறுப்பு. டிப்ளோமா முடித்த பிறகு கிடைத்த முதல் பெரிய வேலை என்பதால் எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருந்தேன்: கேபிள்கள், ஒலிபெருக்கிகள், புரொஜெக்டர்கள், எந்தக் கலைஞருக்கு எது பிடிக்காது. கடைசிப் பட்டியல்தான் நீளமானது.

ஜெர்மன் கலைஞர் தோட்டங்களில் அடிக்கும் தப்பு மேளத்தைப் பல வாரங்களாகப் பதிவு செய்திருந்தார். எட்டு ஒலிபெருக்கிகளையும் கூரையில் ஏற்றி, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைப் பார்க்கத் திருப்பச் சொன்னார். சத்தம் தன் மக்களிடமே திரும்பிப் போக வேண்டுமாம். திருப்பினேன். திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை, அவருடைய நான்கு பதிவுகளில் மீட்டரில் அதிகம் ஏறிய மூன்றாவதைச் சோதனைக்குப் போட்டேன். நான் இருந்தது கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், காதுகளை இறுக மூடிக்கொண்டு. மீட்டரில் எட்டும் பச்சை. கால் மணி நேரம் ஓடவிட்டேன்.

மூன்றாவது பதிவு லிந்துலையில் ஒரு சாவு வீட்டில் எடுத்தது. திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டு தட்டிலேயே தெரிந்துவிடும். மீட்டருக்குத் தெரியாது.

செத்தது யார் என்று லயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நான்கு நாளுக்கு முன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தார். அவராகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மலையிலிருந்து நேராக அவர் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

மதியம் நெருங்கும்போது விஷயம் தெரிந்து நான் ஓடியபோது அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரிலேயே இரண்டு பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள்.

"அதான் உசுரோட இருக்காருல்லக்கா" என்றேன்.

"தெரியுது புள்ள. வரும்போதே ஆரம்பிச்சிட்டோம். பாதியில நிறுத்துனா வீட்டுக்கு ஆகாது."

"முடிக்கட்டும்" என்றார் பெரியவர். "நல்லாத்தான் பாடுறாளுக."

மெக்சிகோவின் வீடியோ கலைஞர் எனக்கு முன்பே வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். பார்வையாளர்கள் இவ்வளவு ஆழமாகப் பங்கெடுத்து எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று என் காதில் சொன்னார்.

நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, செய்தி யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று விசாரித்து எழுதினேன். தோட்டத்துத் தலைவர். பூண்டுலோயாவில் இருக்கும் பெரியவரின் தங்கை. பூசாரி. கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் மகன். மகன் அப்போதே பஸ் ஏறிவிட்டாராம். அவர் எண்ணைக் கேட்டேன்.

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அவனுக்கு மட்டும் இப்ப சொல்லாத புள்ள."

"வழியெல்லாம் அழுதுகிட்டு வருவாருங்க ஐயா."

"அழட்டும். ரெண்டு தீவாளிக்கு வரல. ஆஸ்பத்திரியில கெடந்தேன், அப்பவும் லீவு இல்லன்னுட்டான். செத்தாத்தான் லீவு குடுப்பாங்க போல. இப்ப குடுத்துட்டாங்கள்ல? பஸ்சு கினிகத்தேனை தாண்டுனப்புறம் சொல்லு. அதுக்கு மேல எறங்கித் திரும்ப மாட்டான்."

அதுவரை நடந்தது என் தவறு. இனி மறைத்தால் பொய். லயத்துக்குப் பின்னால் போய் உடனே அழைத்தேன். அவர் பஸ் அவிசாவளையில் நின்றிருந்தது. நான் யார், என்ன நடந்தது, அப்பா இப்போது என்ன குடித்துக்கொண்டிருக்கிறார் என்று வரிசையாகச் சொன்னேன். மறுமுனையில் கடலை விற்பவரின் குரல் மட்டும் கேட்டது. பிறகு, "அப்ப நான் எறங்கவா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

நான் அழைத்ததைப் பெரியவரிடம் சொல்லவில்லை. ஒப்பாரி முடிந்து தேநீர் ஊற்றினார்கள். யாரும் மலைக்குத் திரும்பவில்லை. நான்கு மணிக்குமேல் மூடுபனிக்குள்ளிருந்து மகன் படியேறி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. கையில் ஒரு பை.

பெரியவர் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார்.

"என்னடா அது?"

"ஆப்பிள்ப்பா."

"சாவு வீட்டுக்கு எவனாச்சும் ஆப்பிள் வாங்கிட்டு வருவானா? எங்க வாங்குன?"

"அவிசாவளையில."

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"அங்கயே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்த?"

மகன் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளு லீவு?"

"மூணு நாளுப்பா."

பெரியவர் ஓர் ஆப்பிளை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"அப்ப கருமாதிக்கு இருக்க மாட்டே" என்றார்.